நீலாம்பாள் போட்ட முக்காடு

ஞானஸ்நானம் எடுத்து வந்த மறுநாள் காலையில் நீலாம்பாள் தலையில் வெள்ளைத் துணியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சாணி தெளித்துக்கொண்டிருந்த மாமியார் ராசம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தாள்.

"எம் மவன் உசுரோடத்தானே இருக்கான்?"

"என்ன அத்தை பேசுறீங்க?"

"பின்ன என்னாடி கோலம் இது? பண்ணையார் வூட்டுப் பெரியம்மா தாலியறுத்த அன்னைக்கு இப்புடித்தான் வெள்ளையால மூடிக்கிட்டு உக்காந்திருந்தாங்க."

"இது ஜெபத்துக்குப் போடுறது அத்தை."

"ஜெபம் ஞாயித்துக்கிழமைதானே? இன்னைக்குத் திங்கக்கிழமை."

நீலாம்பாளுக்கே அது முழுசாகத் தெளிவாகியிருக்கவில்லை.

அவர்கள் ஊரான வடக்குவெளியிலிருந்து கூத்தாநல்லூர் போகிற சாலையில், பழைய நெல் கொட்டகை ஒன்றைச் சுத்தம் பண்ணி ஜெக்கரியா என்கிற பாஸ்டர் ஜெபவீடு நடத்திவந்தார். ஒருநாள் வெயிலில் நடந்து வந்த நீலாம்பாள் அங்கே தண்ணீர் கேட்டாள். பாஸ்டரின் மனைவி தங்கமணி ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு, தானும் கொஞ்சம் குடித்துவிட்டு, அதே டம்ளரை அவள் கையில் கொடுத்தாள். தங்கமணி திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நிலம் நீச்சு உள்ள வீட்டில் பிறந்தவள். அது பேச்சிலேயே தெரிந்தது. அப்படிப்பட்ட ஒருத்தி வாய் வைத்த டம்ளரை அதுவரை யாரும் நீலாம்பாளிடம் நீட்டியதில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்தவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். ஒரு வருஷம் போல ஆனபின் வெண்ணாற்றில் முங்கி எழுந்தாள். லீதியாள் என்று பெயரும் வைத்தார்கள்.

அன்றைக்குத்தான் தங்கமணி தன் பழைய வெள்ளைச் சேலையில் பாதியைக் கிழித்து, ஓரம் அடித்து, அவளுக்குக் கொடுத்தாள்.

"ஜெபம் பண்ற பொம்பள தலையை மூடிக்கணும் லீதியாள். வேதத்துல அப்படித்தான் சொல்லியிருக்கு."

"எப்ப ஜெபம் பண்றோம், எப்ப பண்ணலைன்னு எப்படித் தெரியும் அம்மா? நடவுல குனிஞ்சு கெடக்கையிலகூட மனசுக்குள்ள ஆண்டவரே ஆண்டவரேன்னுதான் ஓடுது."

தங்கமணி சிரித்துவிட்டாள். "அப்படின்னா எப்பவுமே போட்டுக்கோ."

சிரிப்புக்குச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று நீலாம்பாளுக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்கக் கூச்சமாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எப்போதும் போட்டுக்கொண்டாள்.

வயலில் அது லேசாக இல்லை. குனிந்தால் துணி முகத்தில் சரிந்தது. இரண்டு முனைகளையும் பின்கழுத்தில் முடிந்து பார்த்தாள். வேர்வையில் ஊறி ஒட்டிக்கொண்டது. மற்ற பெண்களும் வெயிலுக்காகத் தலையில் துண்டு சுற்றித்தான் இருந்தார்கள். அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. இவளுடைய வெள்ளைத் துணி மட்டும் உறுத்தியது.

விவசாயக் கூலிகளின் சங்கத்துக்கு வடக்குவெளியில் தலைவராக இருந்தவர் வீரையன். அவருக்கு அது ரொம்பவே உறுத்தியது. ஒருநாள் வாய்க்கால் மதகில் நிறுத்திக் கேட்டார்.

"ஏம்மா, எங்க அப்பன் பண்ணையார் வூட்டு வாசல்ல நின்னு 'ஆண்டே'ன்னு கூப்புட்டான். அந்தச் சொல்லை இந்தத் தெருவுல இருந்து வெரட்டுறதுக்கு எத்தனை அடி வாங்கியிருக்கோம்! இப்ப நீ 'ஆண்டவரே'ங்குற. ரெண்டும் ஒரே சொல்லுதானே?"

"ஒண்ணு இல்லண்ணே."

"எப்படி ஒண்ணு இல்ல?"

அவள் யோசித்தாள். சொல்லிப் பார்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. "ஒண்ணு இல்லண்ணே" என்றே மறுபடியும் சொன்னாள்.

"பொம்பளைங்க தலை நிமிந்து நடக்கணும்னு சங்கத்துல நாங்க பேசுறோம். நீ யாருக்குப் பயந்து மூடிக்கிறே?"

பயந்து மூடிக்கொள்ளவில்லை என்று அவளுக்குத் தெரியும். பின் எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதைவிட மோசமாக இருந்தது பண்ணையார் நாகநாதன் பாராட்டியது. வரப்பில் குடையோடு வந்தவர் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பக்கத்தில் நின்ற காரியஸ்தர் தியாகராசனிடம், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பாரும்யா. அந்தத் தெருவுலயும் அடக்க ஒடுக்கம் தெரிஞ்ச பொம்பள ஒருத்தி இருக்கா. மத்ததுங்களும் பாத்துக் கத்துக்கட்டும்."

நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். நீலாம்பாளின் நாத்தனார் அம்சம், அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள், பக்கத்து வரிசையில் நின்றாள். அவள் நாற்று முடியைத் தண்ணீரில் ஓங்கிப் போட்ட வேகத்தில் சேறு தெறித்தது. துணியை உருவி எறிந்துவிடலாமா என்று நீலாம்பாளுக்குத் தோன்றியது. எறிந்தால் அது யாருக்கு அவமானம், நாகநாதனுக்கா, ஆண்டவருக்கா? எறியாமல் இருந்தால் அவர் பாராட்டை வாங்கிக்கொண்டது மாதிரி ஆகிவிடாதா? இரண்டில் எது சரி என்று முடிவு பண்ணுவதற்குள் அவர் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அன்று முழுதும் யாரும் அவளோடு பேசவில்லை.

அவளுடைய புருஷன் வைரக்கண்ணு மட்டும் முக்காட்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் சொன்னதில்லை. அவன் சங்கத்துக்காரன். சிவப்புத் துண்டுதான் கட்டுவான், தலையில்தான் கட்டுவான். அவனுடைய அப்பா ஒருதரம் பண்ணை வீட்டு வாசலில் துண்டைத் தலையிலிருந்து எடுக்க மறந்துபோனதற்காகத் தென்னை மரத்தில் கட்டி வைத்து அடிபட்டவர். வைரக்கண்ணு அப்போது சின்னப் பிள்ளை. அவன் துண்டு கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து எவன் முன்னாலும் எடுத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நீ அங்க என்னதான் பண்றேன்னு பாக்குறேன்" என்று அவளைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெபவீட்டு வாசலில் பாஸ்டர் ஜெக்கரியா இரண்டு கையையும் பிடித்து அவனை வரவேற்றார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"தம்பி, தலைத்துண்டை மட்டும் எடுத்துட்டு உள்ள வாங்க."

வைரக்கண்ணு நின்றான். "நான் இதை யாருக்காகவும் எடுக்குறதில்லைங்க."

"மனுஷனுக்காக இல்ல தம்பி. கர்த்தருக்கு முன்னால ஆம்பளைங்க தலையை மூடக்கூடாது."

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு பக்கம் தலை திறந்த ஆண்கள், மறுபக்கம் தலை மூடிய பெண்கள். பாஸ்டரைப் பார்த்தான். அவர் முகத்தில் அதிகாரம் எதுவும் இல்லை; அதுதான் அவனுக்குச் சங்கடமாக இருந்தது. கோபப்படக்கூட வழியில்லை. "நான் வெளியில இருக்கேங்க" என்று சொல்லிவிட்டுப் பூவரச மரத்தடியில் போய் உட்கார்ந்தான். உள்ளே நீலாம்பாளுக்கு ஒரு பாட்டும் காதில் ஏறவில்லை.

திரும்பும்போது சைக்கிளை மிதித்துக்கொண்டே வைரக்கண்ணு கேட்டான்.

"ஒன்னைப் போட்டுக்கச் சொல்றாங்க. என்னை எடுக்கச் சொல்றாங்க. என்ன நியாயம்டி இது?"

"தெரியல மாமா."

"பண்ணையாருக்கு முன்னாலயும் இதேதான் வழக்கம், யோசிச்சியா? ஆம்பள துண்டை எடுக்கணும், பொம்பள அடக்கமா இருக்கணும்."

அவள் யோசிக்கவில்லை. அவன் சொன்ன பிறகு யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த வருஷம் தை அறுவடையில் கூலித் தகராறு முற்றியது. உச்சவரம்புச் சட்டம், குடியிருப்பு மனைச் சட்டம் என்று மெட்ராஸிலிருந்து சேதி மேல் சேதி வந்துகொண்டிருந்த காலம். ஆனால் களத்தில் அளக்கிற மரக்கால் மட்டும் மாறவில்லை. சங்கம் அறுப்பை நிறுத்தியது. நாகநாதன் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார். ஆண்கள் போனால் அடிதடி ஆகும், பெண்கள் போய் வரப்பில் நிற்கட்டும் என்று வீரையன் ஏற்பாடு பண்ணினார். பாஸ்டருக்கு இது பிடிக்காது என்று நீலாம்பாளுக்குத் தெரியும். ஆனாலும் அம்சம் கைக்குழந்தையோடு கிளம்பியதைப் பார்த்ததும் அவளும் கிளம்பிவிட்டாள். முக்காட்டோடுதான் போனாள்.

சாலையோரத்து வயலில் பெண்கள் கைகோத்து நின்றார்கள். வெளியூர் ஆட்கள் அரிவாளோடு வந்து, தயங்கி, உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் ஏறும் வேளையில் போலீஸ் வேன் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கி எல்லாரையும் வேனில் ஏறச் சொன்னார். பெண்கள் கோஷம் போட்டுக்கொண்டே ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். நீலாம்பாளின் முறை வந்தபோது இன்ஸ்பெக்டர் லத்தியைக் குறுக்கே நீட்டினார்.

"நீ எங்கம்மா இங்க? இவங்க சண்டையில ஒனக்கு என்ன வேலை?"

அவள் விழித்தாள்.

சாலையில் வைக்கோல் வண்டியோடு மீரா உசேன் நின்றுகொண்டிருந்தார். கூத்தாநல்லூரிலிருந்து வந்து இந்தப் பக்கத்து வைக்கோலை வாங்கிப் போகிறவர். இன்ஸ்பெக்டர் அவரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"பாய், உங்க ஊர் அம்மாவா? வண்டியில ஏத்திக் கூட்டிட்டுப் போங்க. கலவரத்துல மாட்டிக்கப் போவுது."

கூத்தாநல்லூர்ப் பெண்கள் வெளியே வரும்போது சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்தித்தான் வருவார்கள். அது நீலாம்பாளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தன்னைத்தான் சொல்கிறார் என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. மீரா உசேன் அவள் முகத்தைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "வாம்மா" என்றார். வேன் கதவு சாத்தப்பட்டது. கம்பிக்குள்ளிருந்து அம்சம் அவளைப் பார்த்துக்கொண்டே போனாள். வேன் திரும்பிப் புழுதி அடங்கியபோது நீலாம்பாள் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். எப்படி ஏறினோம் என்பதே அவளுக்கு நினைவில்லை.

கொஞ்ச தூரம் போனபின் மீரா உசேன் சொன்னார். "நீ வைரக்கண்ணு சம்சாரம்தானே? எனக்குத் தெரியும்மா. இல்லைன்னு சொன்னா உன்னையும் ஏத்தியிருப்பாங்க. அதான் சொல்லல."

"நான் ஏறியிருக்கணும் பாய்."

"அப்ப அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"யாரைச் சொல்றாருன்னே எனக்கு வெளங்கல."

சொல்லும்போதே அவளுக்குச் சந்தேகம் வந்தது. விளங்காமல்தான் நின்றோமா, விளங்கியும் விளங்காத மாதிரி நின்றோமா? எவ்வளவு யோசித்தும் அந்த ஒரு நொடியைப் பிடிக்க முடியவில்லை.

"வண்டியை நிறுத்துங்க பாய்."

"எங்க போவப் போற?"

"ஸ்டேஷனுக்கு."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆனாலும் வண்டியைத் திருப்பி, ஸ்டேஷன் தெரு முனைவரை கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் போனார்.

ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்தார். "என்னம்மா புகார்?"

"புகார் இல்லைங்க. நானும் வயல்ல நின்னேன். என்னையும் உள்ள போடுங்க."

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். "பேரு?"

"நீலாம்பாள்."

"நீலாம்பாளா? நீ துலுக்கப் பொம்பளை இல்லையா?"

"வேதக்காரிங்க. லீதியாள்னு இன்னொரு பேரு இருக்கு."

"எந்தப் பேரை எழுதறது?"

"ரெண்டுமே என் பேருதாங்க."

"ஜாதி?"

சொன்னாள்.

"வேதத்துல சேந்துட்டா அந்த ஜாதி கணக்குல வராதேம்மா. கிறிஸ்டியன்னுல்ல எழுதணும்?"

"தெருவுல வருதுங்களே" என்றாள் நீலாம்பாள். அவள் எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். ஏட்டு அவளை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏட்டிக்குப் போட்டியா வந்து நிக்கிறே" என்று முனகிக்கொண்டே எதையோ எழுதினார். எந்தப் பெயரை எழுதினார் என்று அவள் கேட்கவில்லை.

உள்ளே பெண்கள் சுவரோரமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அம்சம் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏன் அண்ணி வந்தே? ஒனக்கு மூளை இருக்கா?"

"நீங்கள்ளாம் உள்ள இருக்கையில..."

"நாங்கள்ளாம் உள்ள இருக்கோம்னுதான்! ஆட்டைப் புடிச்சுக் கட்ட, புள்ளைங்களுக்குச் சோறு பொங்க ஒருத்தியாச்சும் தப்பிச்சாளேன்னு நிம்மதியா இருந்தோம். ஆத்தா ஒத்தையில என்ன பண்ணும்?"

"தப்பிச்சு ஓடிட்டேன்னு நீங்க நெனைச்சிருப்பீங்கன்னு..."

"மொதல்ல நெனைச்சோம். வாயில வந்தபடி ஏசுனோம். அப்பறம் நல்லதாப் போச்சுன்னு பேசிக்கிட்டோம். அதுக்குள்ள வந்து நிக்கிறே."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது எல்லாருக்கும் பற்றிக்கொண்டது. நீலாம்பாளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது.

சாயங்காலம் கொசு மொய்த்தது. அம்சத்தின் குழந்தை வீறிட்டு அழுதது. நீலாம்பாள் தலைத்துணியை எடுத்துக் குழந்தையின் மேல் போர்த்தினாள். அது தூங்கியது. வெறும் தலையோடு சுவரில் சாய்ந்திருந்தவளுக்கு, மனசுக்குள் ஆண்டவரே ஆண்டவரே என்று வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. இது ஜெபமா, ஜெபமென்றால் இது செல்லுமா என்று யாரைக் கேட்பது? அம்சத்தைக் கேட்டால் அடிப்பாள்.

சங்கத்துக்காரர்களும் பண்ணையார்களும் தாசில்தார் முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். கேட்டதில் கொஞ்சம் கிடைத்தது, கொஞ்சம் கிடைக்கவில்லை. வழக்கு இல்லாமல் பெண்களை விட்டுவிட்டார்கள். வைரக்கண்ணு சைக்கிளோடு வெளியே நின்றான். அவளைப் பார்த்ததும், "நீயாப் போயி உள்ள உக்காந்தியாமே" என்றான். பெருமையா கோபமா என்று குரலில் தெரியவில்லை. வழியெல்லாம் மெதுவாக மிதித்துக்கொண்டு வந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் அவளை நிறுத்தினார். தங்கமணியும் பக்கத்தில் இருந்தாள்.

"விசுவாசி ஒருத்தி லாக்கப்புல போயி உக்காரலாமாம்மா? அதிகாரத்துக்குக் கீழ்ப்படிஞ்சுல்ல இருக்கணும்?"

"தெரியலைங்கய்யா. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"பண்ணை வூட்டு வாசல்ல ஆம்பளைங்க துண்டை எடுக்கணும்னு இருந்துச்சு. இங்கயும் எடுக்கணும்னு இருக்கு. ஆண்டவரும் பண்ணையார் மாதிரியாங்கய்யா?"

ஜெக்கரியா உடனே "இல்லை" என்றார். விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் காலத்து ஊர் வழக்கம் என்றார், அடையாளம் என்றார், அன்பினால் செய்வது வேறு, பயத்தினால் செய்வது வேறு என்றார். பாதியில் அவருக்கே எங்கேயோ தட்டியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இரும்மா, நான் இன்னும் படிச்சுப் பாக்கணும்" என்றார்.

தங்கமணி அவளோடு சாலைவரை நடந்து வந்தாள். "எனக்கு அவர் அளவுக்குத் தெரியாது லீதியாள். இதைத் தலையில போட்டா கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்த மாதிரி இருக்கும். அதுக்காகத்தான் போடுறேன். நீ எதுக்குப் போடுறே?"

"நீங்க போட்டுக்கச் சொன்னீங்கம்மா."

தங்கமணி நின்றுவிட்டாள். "எப்பவுமே போட்டுக்கோன்னு சிரிப்புக்குல்ல சொன்னேன்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீலாம்பாளுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாள் சுமந்தது வீண் என்றும் தோன்றவில்லை. என்ன தோன்றியது என்று சொல்லவும் தெரியவில்லை. அதன்பின் சில நாள் போட்டுக்கொண்டு போனாள், சில நாள் கொடியிலேயே விட்டுவிட்டுப் போனாள். போடாத நாளில் ஏன் போடவில்லை என்று ராசம்மாளே கேட்டாள்.

களை எடுப்பு நடந்த ஒரு மத்தியானம், அம்சம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரப்போடு ஓடி வந்தாள். குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்திருந்தார்கள். குடித்ததெல்லாம் வாந்தியாக வந்துகொண்டிருந்தது.

"அண்ணி, ஒங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

நீலாம்பாள் சேற்றுக் கையை அலம்பிக்கொண்டு கரையேறினாள்.

"துணி எங்க?" என்றாள் அம்சம்.

"இன்னைக்குக் கொண்டாரலை."

"இல்லைன்னா கேக்காதா?"

"கேக்கும்னுதான் நெனைக்கிறேன். நெசமாத் தெரியல அம்சம்."

அம்சம் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. தன் தலையில் சுற்றியிருந்த அழுக்குத் துண்டை அவிழ்த்து நீலாம்பாள் தலையில் போட்டாள். பிறகு யோசித்து, தன் முந்தானையையும் இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். வரப்பில் வந்துகொண்டிருந்த வீரையன் இவர்களைப் பார்த்து நின்றார். ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"நீ சும்மா இரு அண்ணே" என்றாள் அம்சம்.

அவர் சும்மா நின்றார்.

நீலாம்பாள் குழந்தையின் தலைமேல் கையை வைத்துச் சொன்னாள். பாஸ்டர் சொல்கிற மாதிரி நீட்டி முழக்க அவளுக்கு வரவில்லை. காய்ச்சல் இறங்கணும், பால் தங்கணும், அவ்வளவுதான் கேட்டாள். கண்ணைத் திறந்தபோது குழந்தை அழுதுகொண்டுதான் இருந்தது. அம்சம் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

காய்ச்சல் மறுநாள் இறங்கியது. ஆஸ்பத்திரி ஊசியில் இறங்கியதா, ஜெபத்தில் இறங்கியதா என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அம்சம் அதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. நீலாம்பாளிடம் வந்து, "பால் குடிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளுக்குப் பக்கத்து வரிசையில் களை எடுக்க இறங்கினாள்.